ஒரே தொட்டியின் நானூற்றுச் சொச்சம் திறப்பு விழாக்கள்

குடிநீர் கொடுப்பது ஒரு துறை, கொடுத்ததற்கு விழா எடுப்பது இன்னொரு துறை என்று இருப்பதால் மக்களுக்கு வீண் அலைச்சல் என்பதை மேலிடம் ஒரு நாள் உணர்ந்தது. உணர்ந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'வறண்ட பகுதி நீர்வழங்கல் மற்றும் விழா ஒருங்கிணைப்பு அலுவலகம்' என்று ஒன்றை அருப்புக்கோட்டையில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் ஆரம்பித்தது. பெயர்ப்பலகை கட்டிடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், 'அலுவலகம்' என்ற சொல் மட்டும் பக்கத்துப் பரோட்டாக் கடைச் சுவரில் இருக்கும். கடைக்காரர் ஆட்சேபிக்கவில்லை. அந்தச் சொல் வந்ததிலிருந்து கடன் சொல்பவர்கள் குறைந்திருக்கிறார்களாம்.

இந்த அலுவலகத்தில் கணினி வேலைக்கு ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தவள் யுவராணி. காரியாபட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் படித்தவள். சொந்த ஊர் திருச்சுழி தாண்டி ஒத்தப்பனையேந்தல். அந்த ஊரில் ஒற்றைப் பனை விழுந்து பல வருஷம் ஆகிறது. ஏந்தல் என்கிற குளத்தில் தண்ணீர் நின்றதை நேரில் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஊரே லாரித் தண்ணீரை நம்பி இருந்தது. அவள் அம்மா தங்கத்தாய்க்குக் குடம் சுமந்து சுமந்து இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மதுரையில் நல்ல சம்பளத்துக்கு வந்த வேலையை விட்டுவிட்டு யுவராணி இங்கே சேர்ந்ததற்கு அந்த இடுப்புதான் காரணம். ஒத்தப்பனையேந்தலில் புதிதாக ஒரு குடிநீர்த் தொட்டி கட்டி, அதை நிரப்பியும் வைத்திருந்தார்கள். திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி. அதற்கான கணினி நிரலை நாமே எழுதிவிட்டால் அம்மாவுக்கு விடிவு வந்துவிடும் என்று நினைத்தாள் பிள்ளை.

அலுவலகத் தலைவர் துணை இயக்குநர் சங்கரபாண்டியன். அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"விழாவ இனிமே கம்ப்யூட்டரே நடத்தணும்மா. வந்திருக்கிற பெரியவுக எந்தப் பட்டனுன்னு தேடிக்கிட்டு நிக்கப்படாது. புரோகிராமத் தொட்டாலே விழா தொடங்கிரணும்."

"தொட்டாலேயா சார்?"

"தொட்டாலே. தொட்டாச்சிணுங்கி மாதிரி."

"தண்ணிய எப்ப விடுறது சார்?"

"விழா அன்னைக்கா?" சங்கரபாண்டியன் பதறிப்போனார். "சேறாப் போயிரும்மா! வந்தவுக செருப்பு என்னத்துக்காகும்? விழா ஆரம்பிச்ச உடனே வால்வ மூடிப் பூட்டிரு. மறுநாக் காலை பத்து மணி வரைக்கும் தொறக்கவே படாது. அப்பறம் தாராளமா விட்டுக்க."

யுவராணி எழுதினாள். அந்த நிரலில் இரண்டு பெட்டிகள் இருந்தன. முதல் பெட்டியில் தண்ணீர் திறக்கும் வேலை. இரண்டாவது பெட்டியில் துணை இயக்குநரின் பட்டங்களை முறைப்படி அடுக்கும் வேலை. 'நீர்ச்செம்மல், விழாவேந்தர், வறட்சி வென்ற வள்ளல், மேன்மைமிகு திரு. சங்கரபாண்டியன் அவர்கள்' என்று வர வேண்டும். விழாவேந்தர் நீர்ச்செம்மலை முந்திவிட்டால் அந்தத் தாள் செல்லாது என்று ஓர் ஆணையே இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் வேலை, யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் நடக்கும். விழாவை மட்டும், தொட்டாலே நடக்க வேண்டும் என்பதற்காக, பெட்டிக்கு வெளியே உதிரி வரிகளாக எழுதிவைத்தாள். வால்வைப் பூட்டு. நான்கு குழாய் ஒலிபெருக்கியிலும் 'வருக வருக' சொல். நாதஸ்வரமும் தவிலும் போடு. கல்வெட்டின் திரையை விலக்கு. விசிறியைச் சுழற்றிக் காகிதப் பூ தூவு. ஊரார் செல்போனுக்கு வாழ்த்து அனுப்பு. விழாக் கணக்கில் ஒன்று கூட்டு.

விழா பிரமாதமாக நடந்தது. யார் செருப்பும் நனையவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீரைத் திறக்க யுவராணி உட்கார்ந்தபோது போன் வந்தது.

"ஏத்தா," என்றாள் தங்கத்தாய், "நேத்துத்தான தொட்டியத் தொறந்தாக? இன்னைக்கும் தொறந்துட்டாக!"

"யாரும்மா தொறந்தது?"

"யாருமே வரல. மேளம் பாட்டுக்கு அடிக்கிது, பூப் பாட்டுக்கு விழுகுது. தண்ணி வருதாக்கும்னு ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். குடத்துல காயிதந்தான் விழுந்துச்சு."

நடந்தது இதுதான். நீர் சம்பந்தப்பட்ட எந்தத் தாளாக இருந்தாலும் துணை இயக்குநரின் பட்டங்கள் வரிசை மாறாமல் வர வேண்டும் அல்லவா? அதனால் வரி ரசீது அடிக்கும் நிரல், யுவராணியின் நிரலிடம் பட்டப் பெட்டியை மட்டும் இரவல் கேட்டது. கணினிக்காரர்கள் இதை இம்போர்ட் என்பார்கள். நமக்கு இரவலே போதும். இரவல் என்று கேட்டால் கணினி அந்த நிரலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படிக்கும். பெட்டிகளை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளும். வெளியே கிடக்கும் உதிரி வரிகளை அங்கேயே செய்து முடித்துவிடும். பக்கத்து வீட்டில் அரிவாள்மனை இரவல் கேட்டால், அந்த வீட்டுக்கார அம்மாவே வந்து, கேட்காமலேயே காயை நறுக்கி, குழம்பும் கூட்டி, போகும்போது உங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆனது.

ரசீது ஒன்று அடித்தால் ஒத்தப்பனையேந்தலில் ஒரு திறப்பு விழா. காரியாபட்டிச் சந்தையில் விலை காட்டும் பலகையில் 'வறட்சி வென்ற வள்ளல் அவர்களின் நல்வாழ்த்துகளுடன் வத்தல் விலை' என்று போட ஆரம்பித்தார்கள். காலையில் அந்தப் பலகைக்கு உயிர் வந்தால் ஒரு விழா. விழா நடந்தால் வால்வு மறுநாள் வரை பூட்டு. மறுநாள் பூட்டு திறப்பதற்குள் யாராவது எங்கேயாவது ஒரு ரசீது அடித்துவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது போல, தலைக்கு மேலே தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, கீழே ஊர் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

யுவராணி துணை இயக்குநரிடம் போனாள்.

"சார், ரெண்டே ரெண்டு வரி சேத்தாப் போதும். விழா தொடங்குறதுக்கு முன்னால புரோகிராம் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கிரும். என்னைய நேரடியா ஓட்டுறாகளா, இல்ல யாரும் இரவல் வாங்குறாகளான்னு. நேரடின்னா விழா. இரவல்னா கேட்ட சாமானக் குடுத்துட்டுப் பேசாம இருந்துக்கிரும்."

சங்கரபாண்டியன் நாற்காலியில் சாய்ந்தார். "கேள்வி கேக்குமா? இந்த ஆபீஸ்ல கேள்வி கேக்குற அதிகாரம் எனக்கே கெடையாதும்மா. மேலருந்துதான் வரணும்."

"ஊருக்குத் தண்ணி போகல சார்."

"அத விடு. தாய்மாமன ஒரு கையெழுத்துப் போடக் கூப்பிட்டாலும் அவுக எப்படி வருவாக? தட்டு, மேளம், வாணவெடியோட வருவாக. 'நேரடியாக் கூப்பிட்டாகளா, இரவலாக் கூப்பிட்டாகளா'ன்னு வாசல்ல வச்சுக் கேட்டீன்னா உறவு நெலைக்குமா? அது மாதிரிதான். மரியாதையில கை வைக்காத."

உண்மையில் அவர் வேறு கணக்கில் இருந்தார். அதிகத் திறப்பு விழா நடத்திய அலுவலகத்துக்கு ஒரு கேடயம் உண்டு. விழாக் கணக்கு அவர் மேஜைக் கணினியில் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் மேளம் கேட்டதும் குடத்தோடு ஓடினார்கள். இரண்டாம் வாரம் திட்டினார்கள். மூன்றாம் வாரம் பழகிவிட்டார்கள். பழகியபின் அதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. அலுவலகம் திறக்கும் பத்து மணிக்குக் கட்டாயம் மேளம் அடிக்கும். அந்த நேரத்துக்கு முகூர்த்தம் வைத்தால் மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்துத் தொங்க வேண்டாம். யுவராணியின் சித்தப்பா மருதுபாண்டிதான் இதை முதலில் கண்டுபிடித்தவர். நல்ல மூளைக்காரர், ஐந்து ஏக்கர் கரிசல் வைத்திருக்கிறார். தன் வீட்டுப் புது வாசல்நிலையைத் தூக்கி வந்து, அதற்கான பூசையைத் தொட்டியடியில் நின்று முடித்துக்கொண்டு போனார். அடுத்து ஒரு நிச்சயம், ஒரு வளைகாப்பு. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து நாள் கேட்டார்கள். ஒரு பூப்புனித நீராட்டு விழா மேளமும் பூமழையுமாக அமர்க்களப்பட்டது. நீர் மட்டும் லாரியில் வந்தது. ஆடுகள் காகிதப் பூவைத் தின்று கொழுத்தன.

எல்லாம் இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து இயக்குநர் கனகலட்சுமி ஒரு மெமோ அனுப்பினார். 'ஒரே தொட்டிக்கு நானூற்றுப் பன்னிரண்டு முறை திறப்பு விழா நடந்தது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தேவை.' மெமோ என்றாலும் யாருக்கு என்று எழுத வேண்டும். எழுதினால் பட்டங்கள் வர வேண்டும். மதுரை அலுவலகத்து நிரல் பட்டப் பெட்டியை இரவல் கேட்டது.

ஒத்தப்பனையேந்தலில் மேளம் அடித்தது.

சங்கரபாண்டியன் மெமோவைப் படித்தார். கணினியைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பதில் அனுப்பினார்: 'தங்கள் மெமோவில் நானூற்றுப் பன்னிரண்டு எனக் கண்டுள்ளது. உண்மையில் நடந்தது நானூற்றுப் பதின்மூன்று. பிழையான மெமோவுக்கு விளக்கம் அளிக்க விதிகளில் இடமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

கனகலட்சுமி திருத்தி அடிக்கச் சொன்னார். திருத்தி அடித்தார்கள். நானூற்றுப் பதினான்கு ஆனது. மறுபடி திருத்தினார்கள். ஒத்தப்பனையேந்தலில் அன்று பூ விழுந்து முழங்கால் அளவு கிடந்தது. தவில் ஓயவே இல்லை. யாருக்கோ பெரிய இடத்துச் சம்பந்தம் ஆகிறது என்று நினைத்து வீரசோழனிலிருந்து ஓர் ஐஸ் வண்டிக்காரர் வந்து, நல்ல வியாபாரமும் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கனகலட்சுமியே போனில் வந்தார். "சங்கரபாண்டியன், நான் உங்களைக் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே அந்தக் கேள்வி தப்பாப் போகுது. என்னதான்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"தொழில்நுட்பம் மேடம்."

"நாளைக்குக் காலையில அது நிக்கணும். இல்லேன்னா பட்டமே இல்லாம உங்க பேரை எழுதி ஆர்டர் போட்டுருவேன்."

பட்டமே இல்லாமல்! சங்கரபாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. "யுவராணி, அந்த ரெண்டு வரிய இப்பவே சேரு."

சேர்த்தாள். சேர்த்துவிட்டு, தண்ணீர்ப் பெட்டியை மட்டும் இரவல் வாங்கி, தினம் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறக்கும் குட்டி நிரல் ஒன்றையும் எழுதினாள். இரவல் வாங்கினால் இனி மேளம் இல்லை. மேளம் இல்லாவிட்டால் பூட்டும் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் பூட்டு விலகிவிடும், அதற்கு மறுநாள் காலையில் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, அதைக் கண்ணால் பார்க்க லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது.

சத்தமே இல்லாமல் வந்தது. நான்கு குழாயிலும் கண்ணாடி போலக் கொட்டியது. யுவராணி அதில் முகம் கழுவினாள். கொஞ்சம் அழுததால் இரண்டாவது தடவையும் கழுவினாள். தெருவில் ஒரு குடத்தையும் காணவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தங்கத்தாய் தண்ணீரை எட்ட நின்று பார்த்தாள். "மேளம் கேக்கலையேத்தா?"

"மேளம் இல்லாமத்தான்மா வரும். பிடிம்மா!"

"மேளம் அடிச்சே வராத தண்ணி, அடிக்காம எப்படி வரும்? இது என்ன தண்ணியோ. குடிச்சு வயித்துக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? லாரித் தண்ணின்னா எங்கருந்து வருதுன்னு தெரியும்."

"எங்கருந்தும்மா வருது?"

"லாரியிலருந்து."

அதற்குள் மருதுபாண்டி புகார் எண்ணுக்குப் போன் போட்டுவிட்டார். "தொட்டி ஒழுகுதுங்க. ஆமா, நாலு குழாய்லயும்."

தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு அந்த அலுவலகத்தில் வழி கிடையாது. தண்ணீர் வருகிறது என்ற புகாருக்கு வழி இருந்தது. உதவியாளர் பாண்டீஸ்வரன் முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்து, ஒரு சாவியால் வால்வைத் திருகி மூடினார். அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து ஊர் பார்த்ததில்லை. கை தட்டினார்கள். கொட்டிய தண்ணீர் கருவேலங்காட்டுக்குள் ஓடி மறைந்தது.

யுவராணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கல்வெட்டுத் திண்டின்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! மேளம் அடிச்சா வால்வு பூட்டிக்கிரும். மேளத்த நிப்பாட்டுனா தெனம் தண்ணி வரும். உங்களுக்கு மேளம் வேணுமா, தண்ணி வேணுமா?"

"ரெண்டும் வேணும்," என்றார் மருதுபாண்டி.

"ரெண்டும் வராது சித்தப்பா. ஒண்ணுதான்."

ஊர் யோசித்தது. பொறுப்பாகத்தான் யோசித்தது. கடைசியில் மருதுபாண்டி தொண்டையைச் செருமினார். "தாயி, நீ படிச்ச புள்ள. தண்ணிய லாரியில வாங்கிக்கிறலாம். மேளத்த எந்த லாரியில வாங்குறது? வார வெள்ளிக்கெழம எம்பேத்திக்குக் காதுகுத்து. அரசு மேளம்னு பத்திரிகையிலயே போட்டுட்டேன்."

அன்று மத்தியானமே மனு தயாரானது. 'எங்கள் ஊரில் வழக்கமாக நடந்துவந்த திறப்பு விழாவை முன்னறிவிப்பின்றி நிறுத்தியதைக் கண்டித்தும், அதைத் தொடர்ந்து நடத்தக் கோரியும்...' முதல் கையெழுத்து தங்கத்தாய். யுவராணி அம்மாவைப் பார்த்தாள். தங்கத்தாய் சாய்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஊரோட ஒத்துப் போகணும்த்தா," என்றாள்.

மனுவைப் படித்ததும் சங்கரபாண்டியனின் கண்கள் பனித்தன. அவர் பணிக்காலத்தில், ஊர் விரும்பிக் கேட்ட ஒன்றை நிறைவேற்ற வாய்ப்பு வந்தது இதுவே முதல் முறை.

"யுவராணி, அந்த ரெண்டு வரி என்ன சொல்லுது?"

"இரவல்னா பேசாம இரு, நேரடின்னா நடத்துன்னு சொல்லுது சார்."

"அப்ப நான் நேரடியா ஓட்டுனா?"

"நடக்கும் சார்."

மறுநாளிலிருந்து சங்கரபாண்டியன் தினம் பத்து மணிக்குக் கை கால் கழுவி, விபூதி பூசி, தம் கையாலேயே அந்த நிரலை ஓட்டினார். தினமும் ஒன்றே ஒன்று, கணக்குச் சுத்தமாக. கனகலட்சுமி கேட்ட விளக்கத்துக்கு ஊராரின் மனுவையே இணைத்து அனுப்பினார். கேடயமும் வந்தது. தெரியாமல் ஓடுவதைத் தடுக்கத்தான் அந்த இரண்டு வரி. தெரிந்தே ஓட்டுவதைத் தடுக்கிற வரி எந்தக் கணினி மொழியிலும் இல்லை. யுவராணி ராத்திரியெல்லாம் தேடியும் பார்த்துவிட்டாள்.

தை மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மதுரை. நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சிறப்பு விருந்தினராகச் சங்கரபாண்டியனே ஒத்தப்பனையேந்தலுக்கு வந்து பட்டுச் சட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கத்தாய் மகள் காதோரம் குனிந்தாள். "அவுக இங்க வந்துட்டாகளே, அங்க மேளத்த யாரு போடுவா? சம்பந்தி வீட்டுக்காரவுக முன்னாடி மொட்டையா இருக்குமே. உன் போன்ல முடியும்ல? போட்டுரு தாயி."

"அம்மா, இன்னைக்கு லாரியும் வரல."

"வரும்த்தா. மொதல்ல மேளத்தப் போடு. மானம் போகுது."

யுவராணி சுற்றிலும் பார்த்தாள். ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல களையாகத்தான் இருந்தார். வெறும் பந்தலில் நிச்சயம் நடந்தால் நாளைக்கு யார் என்ன பேசுவார்களோ என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. பட்டுப்புடவை மடிப்பிலிருந்து போனை எடுத்தாள். நேரடியாகவா என்று நிரல் தன்னையே கேட்டுக்கொண்டது. நேரடியாகத்தான் என்று அதற்கும் தெரிந்தது. நாதஸ்வரம் எழுந்தது, தவில் அதிர்ந்தது, பூ கொட்டியது. சம்பந்தி வீட்டார் அசந்துபோனார்கள்.

அதில் ஒரு பூ மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குள் போய்விட்டது. அந்த அம்மா இருமினார். இருமிக்கொண்டே, "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்," என்றார். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. யுவராணிக்கு மட்டும் கேட்டது. வால்வு நாளைக் காலை வரை திறக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த வரியை எழுதியவளே அவள்தானே.